விலாசம் தவறினால் வழி தவறும்



நம் முன்னோர் இந்நாட்டில் கடை வைத்த நாள் முதல் இரண்டு ஏடுகளைக் கண்ணெனக் காத்து வந்தனர். ஒன்று பேரேடு, மற்றொன்று விலாசப் புத்தகம். பேரேட்டில் ஒரு காசு பிசகினாலும் கல்லாவைப் பூட்டாமல் இரவெல்லாம் உட்கார்ந்து தேடுவார்கள். விலாசப் புத்தகத்தில் ஓர் எழுத்துப் பிசகினால் மட்டும் எவரும் அவ்வளவாகப் பொருட்படுத்தியதில்லை. ஏனெனில், சரக்கு கொண்டு செல்பவருக்கு ஊரும் தெரியும், கடைக்காரரின் முகமும் தெரியும். ஏட்டில் விட்ட குறையை மனிதர் நிறைவு செய்து விடுவார்.

இன்று அந்த விலாசப் புத்தகம் கணினியில் எக்செல் ஏடாக இருக்கிறது. அதனை வரைபட மென்பொருளில் ஏற்றினால், நம் வாடிக்கைக் கடைகள் எங்கெங்கே இருக்கின்றன, எந்த லாரி எவ்வழியே செல்வது சிக்கனம், எந்தப் பட்டணத்தில் நமக்குக் கடையே இல்லை என்பனவெல்லாம் ஒரே பார்வையில் விளங்கும். ஆனால் யந்திரத்துக்கு முகம் தெரியாது. எழுதியதை எழுதியவாறே எடுத்துக்கொள்ளும். ஆகவே, ஏட்டை வரைபடத்துக்கு அனுப்புமுன் எவ்வாறு துப்புரவு செய்ய வேண்டும் என்பதை இப்பாடத்தில் காண்போம்.

நமக்கு நேர்ந்தது

முதலில் நம் குறையைச் சொல்லிவிடுகிறோம். பினாங்கிலுள்ள நமது மளிகை மொத்தக் கடைக்கு வடக்கே பெர்லிஸ் முதல் தெற்கே பேராக் வரை முந்நூறுக்கு மேற்பட்ட வாடிக்கைக் கடைகள் உண்டு. பல ஆண்டுகள் வழி தெரிந்து லாரி ஓட்டியவர் ஓய்வு பெற்றபின், வரைபடம் ஒன்று தயாரித்துப் புதிய ஓட்டுநரிடம் கொடுக்கலாம் என்று தம்பி மகனிடம் ஏட்டை ஒப்படைத்தோம். நான்கு நாட்களில் அழகான வரைபடம் வந்தது. புள்ளிகளைப் பார்த்து மகிழ்ந்தோம், எண்ணிப் பார்க்கவில்லை.

நோன்பு மாதம் தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. கங்காருக்கு அருகே கணவரை இழந்தபின் கடையைத் தாமே நடத்தி வரும் அம்மையார் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "நானா, எங்க பாக்கி கொஞ்சம் நிக்குதுன்னுதான் சரக்க நிறுத்திட்டீங்களா? சொல்லியிருந்தா எப்படியாவது கட்டியிருப்பேனே" என்றார். நமக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாக்கிக்காக நாம் எவருக்கும் சரக்கை நிறுத்தியதில்லை. ஏட்டைப் புரட்டினோம், அவர் கடை இருந்தது. வரைபடத்தைப் பார்த்தோம், இல்லை. அவரோடு சேர்த்துப் பதினொரு கடைகள் வரைபடத்தில் இல்லை. அந்தக் கடைகளுக்கு ஒரு மாதமாக லாரி போகவில்லை. அம்மையாரோ சில்லறை விலைக்கு வேறிடத்தில் சரக்கு வாங்கி, இலாபமின்றி விற்று, நம்மிடம் கேட்கவும் கூச்சப்பட்டு இருந்திருக்கிறார்.

காரணம் என்ன? கங்காரின் தபால் எண் 01000. எக்செல் அதனை வெறும் எண்ணாகக் கருதி, முன்னுள்ள பூஜ்யத்தை விலக்கி 1000 என்று வைத்துக்கொண்டது. ஊர்ப் பெயர் தெளிவாக இருந்த கடைகள் தப்பின. ஊர்ப் பெயரைக் குறுக்கி எழுதித் தபால் எண்ணையே நம்பியிருந்த கடைகள் தப்பவில்லை. விலாசத்துக்கு இடம் கண்டு சொல்லும் சேவை அவற்றுக்கு விடை தரவில்லை. வெற்றுக் கட்டங்களை மென்பொருள் ஏற்காதோ என்று பையன் அவற்றில் பூஜ்யத்தை நிரப்பிவிட்டான். அட்சரேகை பூஜ்யம், தீர்க்கரேகை பூஜ்யம் என்பது ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கினி வளைகுடாவில், நடுக்கடலில் உள்ள இடம். நம் பதினொரு கடைகளும் அங்கே ஒரே புள்ளியாகக் கிடந்தன. மலேசியாவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த நம் கண்ணுக்கு அது எப்படித் தெரியும்?

இதில் பையனைக் குறை சொல்ல நியாயமில்லை. ஏட்டை அந்நிலையில் வைத்திருந்தவர்கள் நாம். இனிப் பாடத்துக்கு வருவோம்.

1. மூல ஏட்டைத் தொடாதீர்

முதல் விதி இது. இருக்கும் ஏட்டைப் பிரதி எடுத்து, பிரதியில்தான் வேலை செய்ய வேண்டும். எதை மாற்றினோம், என்று மாற்றினோம், யார் மாற்றினார் என்பதைத் தனித்தாளில் எழுதி வர வேண்டும். பேரேட்டில் அழித்து எழுதுவதைக் கணக்குப்பிள்ளைகள் எவ்வாறு குற்றமாகக் கருதினார்களோ, அவ்வாறே இதையும் கருத வேண்டும். திருத்தம் தவறென்று பின்னால் தெரிந்தால் திரும்பிப் போக வழி இருக்க வேண்டுமல்லவா?

2. ஒரு வரி, ஒரு கடை

வரைபட மென்பொருள் எதிர்பார்ப்பது மிக எளிய அமைப்பு. முதல் வரியில் தலைப்புகள். அதன்கீழ் ஒவ்வொரு வரியும் ஒரு கடை. ஒவ்வொரு பத்தியும் ஒரு செய்தி. நம் ஏடுகளிலோ மேலே கடையின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். இரண்டு மூன்று கட்டங்கள் ஒன்றாக இணைக்கப்பட்டிருக்கும். நடுவில் "கெடா கடைகள்" என்றொரு தலைப்பு வரி. அடியில் மொத்தத் தொகை. மனிதர் படிக்க இவை அழகு, யந்திரத்துக்கு இடையூறு. மொத்தத் தொகை வரியையும் அது ஒரு கடையென்றே எண்ணும். ஆகவே இணைத்த கட்டங்களைப் பிரித்து, இடைத் தலைப்புகளையும் மொத்தத்தையும் நீக்கி, "மாநிலம்" என்று ஒரு பத்தி சேர்த்து ஒவ்வொரு வரியிலும் மாநிலத்தை எழுத வேண்டும்.

மூடிய கடைக்குச் சிவப்பு, கடன் கடைக்கு மஞ்சள் என்று வர்ணம் பூசும் பழக்கம் நம்மிடம் உண்டு. ஏட்டைக் கீழே சொல்லப்போகும் சி.எஸ்.வி. கோப்பாக மாற்றும்போது வர்ணம் ஒன்றும் உடன் வராது. வர்ணம் சொல்லும் செய்தியை "நிலை" என்ற தனிப் பத்தியில் எழுத்தால் எழுதி வைக்க வேண்டும்.

தலைப்புகள் சுருக்கமாக இருப்பது நலம். ஷேப்ஃபைல் என்னும் பழைய வரைபடக் கோப்பு வகை, தலைப்பில் 10 எழுத்துகளுக்கு மேல் கொள்ளாது, மீதியை வெட்டிவிடும். "விற்பனை" என்று தொடங்கும் நீண்ட தலைப்புகள் இரண்டு இருந்தால், வெட்டியபின் எது எதுவென்று அறிவது கடினம்.

3. பூஜ்யம் போன தபால் எண்

தபால் எண் எண்ணன்று, அது பெயர். அதைக் கூட்டுவாரும் இல்லை, கழிப்பாரும் இல்லை. ஆகவே அந்தப் பத்தியை எழுதத் தொடங்குமுன்பே "எழுத்து" வகையாகக் குறித்துவிட வேண்டும். கங்கார் 01000, அலோர் ஸ்டார் 05000, சுங்கைப் பட்டாணி 08000 ஆகியவை அப்போதுதான் பிழைக்கும். ஏற்கெனவே பூஜ்யம் போய்விட்டதாயின், "டெக்ஸ்ட்" என்னும் சூத்திரத்தைக் கொண்டு மலேசிய எண்களை ஐந்து இலக்கமாகவும், சிங்கப்பூர் எண்களை ஆறு இலக்கமாகவும் நிரப்பலாம். தெலுக் ஆயர் சாலை, சவுத் பிரிட்ஜ் சாலை முதலிய பழைய வணிகப் பகுதிகளின் எண்கள் பூஜ்யத்தில் தொடங்குவதால் சிங்கப்பூர் அன்பர்களுக்கும் இத்தொல்லை உண்டு.

இங்கே ஒரு வேறுபாட்டை நினைவில் வைக்க வேண்டும். சிங்கப்பூரில் 1995-ஆம் ஆண்டு முதல் வழங்கும் ஆறு இலக்க எண் பெரும்பாலும் ஒரு கட்டடத்தையே சுட்டும். மலேசியாவின் ஐந்து இலக்க எண் ஒரு பகுதி முழுவதற்கும் பொது. ஆகவே மலேசியக் கடைக்குத் தபால் எண் மட்டும் போதாது. கதவு எண்ணும் தெருவும் ஊரும் வேண்டும்.

4. தேதியாக மாறிய கடை எண்

மலேசியக் கடை வீடுகளில் மாடியையும் சேர்த்து "12-1" என்று எண் எழுதுவது வழக்கம். எக்செல் அதைக் கண்டதும் தேதியென்று எண்ணி, கணினியின் அமைப்புக்கேற்ப ஜனவரி 12 என்றோ டிசம்பர் 1 என்றோ மாற்றிவிடும். பிறகு வகையை மாற்றினாலும் பழைய எழுத்து திரும்பாது. இதற்கும் மருந்து, முன்கூட்டியே "எழுத்து" வகை குறித்தலே.

இத்தொல்லை நமக்கு மட்டும் உரியதன்று. மனித மரபணுக்களுக்குப் பெயர் சூட்டும் சர்வதேசக் குழு, "மார்ச் 1" போன்ற மரபணுப் பெயர்களை எக்செல் தேதியாக மாற்றி வந்த காரணத்தால் 2020-ஆம் ஆண்டில் அப்பெயர்களையே மாற்றி அமைக்க நேர்ந்தது. ஆராய்ச்சியாளர்கள் பெயரை மாற்றிக்கொண்டார்கள். நாம் கடையின் கதவு எண்ணை மாற்ற முடியாது.

உண்மையான தேதிகளிலும் எச்சரிக்கை வேண்டும். 3/4/2024 என்பது ஏப்ரல் 3-ஆ, மார்ச் 4-ஆ? ஆண்டு, மாதம், நாள் என்ற முறையில் 2024-04-03 என்று எழுதினால் ஐயத்துக்கு இடமில்லை. தொகைப் பத்தியில் "ரிங்கிட்" என்பதையோ காற்புள்ளியையோ சேர்த்தால் மென்பொருள் அதைத் தொகையாகக் கொள்ளாது. நாணயத்தின் பெயர் தலைப்பில் இருக்கட்டும். கட்டத்தில் எண் மட்டும் இருக்கட்டும்.

5. ஊர்ப் பெயரும் ஆள் பெயரும்

ஒரே ஏட்டில் பினாங்கு, பூலாவ் பினாங், பி. பினாங் என்று மூன்று விதமாக எழுதியிருப்போம். கோலாலம்பூர் ஓரிடத்தில் முழுப் பெயராகவும், மற்றோரிடத்தில் கே.எல். என்றும் இருக்கும். மென்பொருளுக்கு இவை வெவ்வேறு ஊர்கள். தெருப் பெயர்களும் மாறியிருக்கின்றன. பெரியவர்கள் இன்னும் பிட் ஸ்திரீட் என்றும் பத்து ரோடு என்றும் எழுதுவர். இன்று அவை ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங், ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான். பழைய பெயரைத் தனிப் பத்தியில் வைத்துக்கொண்டு, விலாசப் பத்தியில் இன்றைய பெயரை எழுதுவதே முறை.

எத்தனை விதமாக எழுதியிருக்கிறோம் என்று அறிய, எக்செலின் "பிவட் டேபிள்" மூலம் ஊர்ப் பத்தியைத் தொகுத்துப் பார்க்கலாம். ஒவ்வொரு எழுத்து வடிவமும் எத்தனை முறை வந்திருக்கிறது என்று பட்டியல் வரும். ஒரே ஒரு முறை வந்திருப்பவற்றை முதலில் சந்தேகியுங்கள்.

ஆள் பெயரில் நம் சமூகத்தாருக்குத் தனிச் சிக்கல் உண்டு. முஹம்மது என்ற பெயரை ஆங்கில எழுத்தில் எத்தனை வகையாக எழுதுகிறோம்! காதர் என்பதை ஒருவர் "கே" எழுத்தில் தொடங்குவார். மற்றவர் "சி" எழுத்தில் தொடங்குவார். தலைப்பெழுத்து ஓரிடத்தில் முன்னே, ஓரிடத்தில் பின்னே. இதனால் ஒரே கடை இரு வரிகளில் வருவதும், இரு வேறு கடைகள் ஒன்றெனக் கருதப்படுவதும் உண்டு. ஆகவே பெயரை அடையாளமாகக் கொள்ளாமல், ஒவ்வொரு கடைக்கும் மாறாத ஒரு வாடிக்கை எண்ணைக் கொடுக்க வேண்டும். விற்பனை ஏட்டையும் விலாச ஏட்டையும் பின்னர் இணைப்பதற்கு அந்த எண்ணே கயிறு. அது ஓர் ஏட்டில் எழுத்தாகவும் மற்றோர் ஏட்டில் எண்ணாகவும் இருந்தால் இணையாது என்பதையும் கவனிக்க.

6. கண்ணுக்குத் தெரியாத இடைவெளி

"ஈப்போ" என்ற சொல்லுக்குப் பின் ஓர் இடைவெளி விழுந்திருந்தால் நம் கண்ணுக்குத் தெரியாது. யந்திரம் அதை வேறு ஊர் என்னும். "ட்ரிம்" என்னும் சூத்திரம் முன்னும் பின்னும் உள்ள வெற்றிடங்களை நீக்கும். ஆனால் இணையப் பக்கத்திலிருந்து ஒட்டியவற்றில், 160 என்ற குறியெண் கொண்ட வேறுவகை இடைவெளி இருக்கும். ட்ரிம் அதைத் தொடாது. "சப்ஸ்டிட்யூட்" சூத்திரத்தால் அதனைச் சாதாரண இடைவெளியாக மாற்றிய பிறகு ட்ரிம் செய்ய வேண்டும்.

துப்புரவு முடிந்த ஏட்டைச் சி.எஸ்.வி. என்னும் எளிய கோப்பாகச் சேமிப்பார்கள். தமிழில் பெயர்கள் இருந்தால் "யு.டி.எஃப்.-8" வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும், இல்லையேல் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாக மாறக்கூடும். மற்றுமொரு எச்சரிக்கை: சேமித்த கோப்பை மறுபடி எக்செலில் சாதாரணமாகத் திறந்து சேமித்தால், தபால் எண்ணின் பூஜ்யம் மீண்டும் போய்விடக்கூடும். சரிபார்க்க விரும்பினால் வெற்று எழுத்துகளை மட்டும் காட்டும் நோட்பேட் போன்றதில் திறந்து பாருங்கள்.

7. அட்சரேகையும் தீர்க்கரேகையும்

வரைபடத்தில் புள்ளி வைக்க இரண்டு எண்கள் தேவை. எவரும் விலையின்றிப் பெறத்தக்க கியூ.ஜி.ஐ.எஸ். என்னும் மென்பொருள், எக்ஸ் என்ற இடத்தில் தீர்க்கரேகையையும் ஒய் என்ற இடத்தில் அட்சரேகையையும் கேட்கும். நாமோ பேச்சில் அட்சரேகையை முதலில் சொல்லிப் பழகியவர்கள். அதனால் இரண்டும் இடம் மாறுவது சகஜம். நம் நாட்டில் இதைக் கண்டுபிடிப்பது எளிது. அட்சரேகை 90-க்கு மேல் போகாது. நம் தீர்க்கரேகையோ 100-ஐ ஒட்டியது. தீபகற்ப மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உள்ள கடையாயின் அட்சரேகை 1-க்கும் 7-க்கும் இடையிலும், தீர்க்கரேகை 99-க்கும் 105-க்கும் இடையிலும் இருக்க வேண்டும். சபா, சரவாக் கடைகள் இன்னும் கிழக்கே 109-க்கும் 120-க்கும் இடையில் வரும். இந்த எல்லைக்கு வெளியே உள்ள வரிகளை எக்செலிலேயே வடிகட்டிப் பார்த்துவிடலாம். நாம் இதைச் செய்திருந்தால் அந்தப் பதினொரு பூஜ்யங்களும் அன்றே பிடிபட்டிருக்கும்.

பாகை, கலை என்று எழுதியதைத் தசமமாக மாற்ற வேண்டும். 5 பாகை 25 கலை என்பது 5.25 அன்று, 25-ஐ 60-ஆல் வகுத்துச் சேர்க்க 5.4167 ஆகும். தசமத்துக்குப் பின் இரண்டு இலக்கம் மட்டும் வைத்தால் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தவறலாம். நான்கு இலக்கம் வைத்தால் பிசகு பத்து மீட்டர் அளவில் நிற்கும். கடை வீதிக்கு நான்காவது வேண்டும்.

சிங்கப்பூர் நில ஆணையத்தின் ஒன்மேப் சேவை, இவ்வெண்களோடு எஸ்.வி.ஒய். 21 என்னும் மீட்டர் அளவையிலும் இடத்தைத் தரும். அவை 28000, 38000 போன்று பெரிய எண்களாக இருக்கும். அவற்றைப் பயன்படுத்தினால் மென்பொருளில் அளவை முறை எண் 3414 என்று குறிக்க வேண்டும். பாகையில் உள்ளவற்றுக்கு 4326. முறையை மாற்றிச் சொன்னால் கடை எங்கோ போய் விழும்.

இடம் தெரியாத கடைக்குக் கட்டத்தை வெறுமையாகவே விடுங்கள். பூஜ்யம் என்பது வெறுமையன்று. அது ஒரு பொய்யான விடை. "விசாரிக்க வேண்டியவை" என்று தனிப் பட்டியல் போட்டு, ஊகிக்காமல் கடைக்காரரைத் தொலைபேசியில் கேளுங்கள். ஐந்து நிமிடப் பேச்சு, ஒரு நாள் லாரி அலைச்சலைத் தவிர்க்கும்.

8. எண்ணிக் கணக்கு முடித்தல்

இரவு கல்லாவை எண்ணாமல் கடை அடைப்போமா? அதுபோலவே, ஏட்டில் எத்தனை வரி, வரைபடத்தில் எத்தனை புள்ளி, விசாரணைப் பட்டியலில் எத்தனை என்று எண்ணிப் பார்க்க வேண்டும். புள்ளியும் விசாரணையும் கூட்டினால் வரியின் தொகை வர வேண்டும். மாநிலவாரியாகவும் இவ்வாறே எண்ணுங்கள்.

இதனைச் செய்யாததால் பெரிய அரசாங்கங்களும் வழுக்கியதுண்டு. 2020-ஆம் ஆண்டு செப்டம்பர் இறுதியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் இங்கிலாந்தில் 15,841 கொரோனா நோயாளிகள் நாள் கணக்கில் சேராமல் விடுபட்டனர். பயன்படுத்திய பழைய வகை எக்செல் கோப்பு 65,536 வரிகளுக்கு மேல் கொள்ளாது. மிஞ்சியவை சத்தமின்றி விழுந்துவிட்டன. அந்நோயாளிகளோடு பழகியவர்களைத் தேடி எச்சரிப்பதும் அதனால் தாமதமாயிற்று. விடுபட்ட வரி கூப்பிட்டுச் சொல்லாது; எண்ணுகிறவர்தாம் அதைக் காண வேண்டும்.

9. அமானிதம்

இறுதியாக ஒன்று. வாடிக்கைக்காரரின் தொலைபேசி எண்ணும் பாக்கித் தொகையும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். லாரி ஓட்டுநருக்கு வேண்டியது கடையின் பெயரும் வழியுமே. பாக்கிப் பத்தி அவர் கையிலுள்ள வரைபடத்தில் ஏன் இருக்க வேண்டும்? பிறருக்குக் கொடுக்கும் பிரதியிலிருந்து அத்தகைய பத்திகளை நீக்கிவிட வேண்டும். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்று மலேசியாவில் 2010-லும் சிங்கப்பூரில் 2012-லும் சட்டங்கள் இயற்றப்பட்டுள்ளன என்பதையும் நினைவில் கொள்க.

நிற்க. கங்கார் அம்மையாரின் கடைக்கு மறுநாளே சரக்கு அனுப்பினோம். மற்றப் பத்துக் கடைகளுக்கும் நேரில் சென்று வருத்தம் தெரிவித்தோம். எல்லாரும் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டனர். ஆயினும் ஒரு மாத காலம் ஒரு நல்ல மனிதர் தம்மைக் கடன்காரியாக எண்ணி மனம் குன்றியிருந்தாரே, அதை எந்தச் சரக்கும் ஈடு செய்யாது. ஏட்டில் ஒரு பூஜ்யம் சிறியது. அதன் பின்னால் இருக்கும் கடை சிறியதன்று.

அன்பர்கள் தத்தம் கடை ஏட்டை இவ்வாரமே ஒருமுறை திறந்து, தபால் எண் பத்தியை மட்டுமாவது பார்வையிடுமாறு வேண்டுகிறோம். பூஜ்யம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையெனில் அங்கிருந்தே துப்புரவைத் தொடங்குவீர்களென நம்புகிறோம்.